தண்ணிக் கழிவு

இரவு இரண்டு பத்து. உள்ளே ஆறு டிகிரி.
கோத்தகிரிக்கு மேலே, பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில்
முப்பத்தாறு அடுக்கு இரும்புத் தகடு.
வானத்திலிருந்து மியூவான் இறங்குகிறது.
மேலே ஒரு காந்தம் அதை வளைத்துப் பார்க்கிறது,
கீழே ஒரு காந்தம் மறுபடி வளைத்துப் பார்க்கிறது.
நுழையும்போது இருந்தது வெளியேறும்போது குறைந்து,
தகடும் தின்னவில்லை, ஒளியாகவும் சிந்தவில்லை என்றால்
குறைந்ததை யாரோ எடுத்துக்கொண்டு
சுவரைத் தொடாமல் போயிருக்க வேண்டும்.
அந்த யாரோவைத்தான் தேடுகிறோம்.

எனக்கு இது புதிதில்லை.
பகலில் அரை ஏக்கர் தேயிலை.
என் தராசில் இருபத்தேழு கிலோ,
இலை ஷெட்டில் போஜன் தராசில் இருபத்தைந்து.
அதிலும் 'தண்ணி' என்று இரண்டைக் கழிப்பார்.
மழையே இல்லாத மாசியிலும்
தண்ணி.

போன ஐப்பசியில் ஒன்று வந்தது.
பதினெட்டாம் தகடுவரை சுத்தமான கோடு,
அதன்பின் கால்வாசி ஆற்றலைக் காணோம்.
ஜெசிந்தா மேடம் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு
ஓடி வந்தார். மூன்று பேர், ஒரு திரை.
யாரும் பேசவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது.
விடிந்து போய்ப் பார்த்தால்
பின்சுவரில் காட்டெருமை முதுகு சொறிந்த சேறு,
கேபிள் கழன்று ஓர் அடுக்கு குருடாகிக் கிடந்தது.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'காட்டி' என்று எழுதினேன்.
யாரும் அதை அடிக்கவில்லை.

இந்த வாரம் வரைபடம் ஒட்டினார்கள்.
இத்தனை கனம், நம்மோடு இத்தனை ஒட்டுறவு,
அப்படியொன்று இல்லை என்று
நிழலடித்த பகுதி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.
விரலை வைத்துப் பார்த்தேன்: ஒரு நகக்கண்.
நானூற்றிப் பன்னிரண்டு இரவுக்கு
ஒரு நகக்கண்.
"ஒளிய இடம் அவ்வளவு குறைஞ்சிருக்கு மிச்சி"
என்றார் மேடம், குளிரில் பல் தந்தியடிக்க.

ஷிஃப்ட் முடிந்து நேராக ஷெட்டுக்குப் போனேன்.
அறுபது நாள் எழுதிய நோட்டு கையில்.
சாக்கு இத்தனை, கயிறு இத்தனை,
பனி விழுந்த நாளில் பனி இத்தனை,
காய்ந்த நாளில் ஒன்றுமில்லை.
எல்லாவற்றையும் நானே கழித்துவிட்டேன்.
அப்புறமும் தினம் ஒரு கிலோ நூறு
கணக்கில் வராமல் நிற்கிறது.

போஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது எங்க போச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

தெரிய வேண்டாம்.
போயிருக்கிறது என்று மட்டும்
தேதி போட்டு எழுதுங்கள்.