சாதாரணப் பயனர்

ஸோஹாரில் லாரி உதிரிபாகக் கடை.
ஏழு கணினிகள். ஏழுக்கும் நான்தான்.

வந்த வாரமே ஒவ்வொன்றிலும்
இரண்டிரண்டு கணக்கு போட்டேன்.
ஒன்று நிர்வாகி. அதை யாரும் தொடுவதில்லை, நான் உட்பட.
மற்றது சாதாரணப் பயனர்:
பில் அடிக்கும், மெயில் பார்க்கும்,
மத்தியான இடைவேளையில் கிரிக்கெட்டும் பார்க்கும்.
புதிதாக ஒன்றைக் குடியேற்றப் போனால் மட்டும்
கடவுச்சொல் கேட்கும்.

அர்பாபுக்குக் கோபம்.
"கடை என்னுடையது. பெட்டி என்னுடையது.
என் பெட்டி என்னையே யார் என்று கேட்குமா?"
நியாயம்தான்.
என் அரபியில் கிளட்ச் தட்டும் பிரேக் ஷூவும்தான் உண்டு.
இரும்புப் பெட்டிச் சாவியைக் காட்டி,
"மீன் வாங்கப் போகும்போது இது எங்கே?" என்றேன்.
"வீட்டில்" என்றார்.
சாயா வந்தது. பேச்சு முடிந்தது.

ஒரு வியாழன், மணி ஆறரை.
கணக்கர் சலேத் ஒரு நிலுவைப் பில்லைத் திறந்தான்.
ஜெபல் அலியிலிருந்து வந்த மாதிரியே இருந்ததாம்.
திரை மங்கி, நடுவில் ஒரு சின்னச் சன்னல்:
நிர்வாகியின் கடவுச்சொல்?

அவனிடம் இல்லை.
இல்லாததுதான் அன்று எங்கள் கடையின் முதல்.

"அண்ணே, என்னமோ கேக்குது."
பரோட்டாக் கையோடு போனைப் பிடித்திருந்தேன்.
"வேண்டாம்னு அழுத்து."
"அழுத்திட்டேன்."
"வயரைப் பிடுங்கு. வர்றேன்."

இது முழுக் காப்பு இல்லை, தெரியும்.
அவன் மேசை எரிந்திருக்கலாம்.
கடை எரிந்திருக்காது.
அந்த மாதச் சம்பளம் அந்த மாதமே வந்தது.

அறையில் என் சொந்த லேப்டாப்பிலும்
நான் சாதாரணப் பயனர்தான்.
"ராசாவே கூட்டிப் பெருக்குறாரு" என்பான் சலேத்.
பெருக்கும்போது கிரீடம் வழுக்கி விழும்டா.

மறுநாளே அர்பாப் கேட்டார்:
நீ செத்துப்போனால் அந்தச் சொல் யாரிடம்?
பதினாறு எழுத்தையும் எழுதி, உறையில் ஒட்டிக் கொடுத்தேன்.
இரும்புப் பெட்டியைத் திறந்தார்.
உள்ளே ரப்பர் வளையம் போட்ட பாஸ்போர்ட்டுகள்.
மேலிருந்து மூன்றாவதில்
என் காப்பிக் கறை.
உறையை அந்தக் கட்டின்மேல் வைத்தார்.
மூடினார்.

தங்கைக்குக் குழந்தை பிறந்த சேதி வந்த வாரம்
லீவு கேட்டு நின்றேன்.
நிமிர்ந்தார்.
அந்தச் சின்னச் சன்னல் பார்ப்பது போலவே
பார்த்தார்.
என்னிடம் தட்டுவதற்கு எழுத்து இல்லை.
ஏசி ஒருமுறை இருமிவிட்டு
மறுபடி ஓடத் தொடங்கியது.