பார்வையில் கண்ட மனு

நான் பிறந்தது வட ஆற்காடு மாவட்டத்தில்,
வாலாஜா அரசாங்க ஆஸ்பத்திரியில்.
எனக்கு ரெண்டு வயசானபோது
மாவட்டத்தின் பெயரோடு இன்னொரு பெயரைச் சேர்த்தார்கள்.
நாலாம் வகுப்பில் எல்லாவற்றையும் அழித்து
வேலூர் என்று எழுதச் சொன்னார் டீச்சர்.
முப்பத்திரண்டில், ஒரு வியாழக்கிழமை,
எங்கள் தெரு ராணிப்பேட்டை மாவட்டமாகிவிட்டது.

வீடு நகரவில்லை.
மாடியில் காய்ந்த மிளகாய் நகரவில்லை.
பாலாறு இருந்த இடத்திலேயே இல்லாமல் இருந்தது.

மனநல டாக்டரிடம் கடிதம் வாங்கி வா என்று
மாவட்டத்தை யாரும் அனுப்பவில்லை.
நிஜமாகவே மாறிவிட்டாயா, காட்டு,
என்று கேட்கவில்லை.
அரசாணை வந்தது.
கடைக்காரர்கள் போர்டில் ஒரு வரிக்குப் பெயின்ட் அடித்தார்கள்.

என் பெயர் பூபாலன்.
பழையதை இங்கே எழுதப்போவதில்லை.
அது எழுதப்பட்ட இடங்களே போதும்:
பத்தாவது மார்க் ஷீட், ரேஷன் கார்டு,
பி.எஃப். சீட்டு,
ஷூ கம்பெனியில் பெண்கள் கழிவறைக் கதவில்
யாரோ ஆணியால் கீறியது.

பள்ளியில் பையன்கள்
வேலூர் அதிசயங்களை ஒப்பிப்பார்கள்:
தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில்.
அழகில்லாப் பெண்கள் என்று வரும்போது
என் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்கள்.
நானும் சேர்ந்து சிரிப்பேன்.
அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று
அப்போதே எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, சத்துவாச்சாரி, கலெக்டர் ஆபீஸ்.
மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று
பையைத் துழாவினார் பெண் காவலர்.
உடம்பைத் தடவும் கட்டம் வந்ததும் நின்றார்.
ஆண் காவலரைப் பார்த்தார்.
அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.
அன்றைக்குச் சோதிக்கப்படாமல் உள்ளே போன ஒரே ஆள்
நான்தான்.

"திருநங்கையா?"
இல்லீங்க, திருநம்பி.
"அப்படீன்னா?"
தலைகீழ், என்றேன்.
பின்னால் நாற்பது பேர், வேறெப்படிச் சொல்ல.
"அவங்களுக்குத்தான் வாரியம் இருக்கு, தம்பி."
தம்பி என்றார்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
சீல் வைத்துத் தந்திருந்தால்
திரும்ப வந்திருக்கவே மாட்டேன்.

மனுவுக்கு எண் கிடைத்தது.
எண் உயிரோடிருக்கும்போதே மாவட்டம் மூன்றாக உடைந்தது.
நீங்க ராணிப்பேட்டை, ஃபைல் வேலூர், என்றார்கள் அங்கே.
ஃபைல் வேலூர், நீங்க ராணிப்பேட்டை, என்றார்கள் இங்கே.
அதற்குள் டெல்லியில் சட்டம் வந்தது.
திருநர் என்றால் நீ சொன்னால் போதும், என்றது ஒரு பிரிவு.
ஆண் என்றால் ஆஸ்பத்திரிச் சான்று எங்கே, என்றது அடுத்தது.

வராந்தாவில் தில்ஷாத் அக்கா.
விஷாரத்துக் கல்யாணங்களுக்குத் தம் போடுகிறவள்,
வாரிய அட்டையைப் பத்து வருஷமாய்
ப்ளாஸ்டிக் உறையில் வைத்திருப்பவள்.
"கோட்டைக்குள்ள சாமி எப்படி வந்துச்சு தெரியுமா?
காலியாவே கெடந்துது.
ஒருநாள் ஜனங்க தூக்கினு போயி வெச்சுட்டாங்க,
இதோ, இந்த சத்துவாச்சாரிலேர்ந்துதான்.
சட்டம் கூடாதுன்னுதான் சொல்லிச்சு.
இன்னிக்குப் போய்ப் பாரு, வரிசை நிக்குது."

சாமிக்கு பி.எஃப். கணக்கு இல்லையேக்கா, என்றேன்.
சிரித்தாள்.
அப்புறம் அட்டையை எடுத்துத் துடைத்தாள்,
அதில் தூசி எதுவும் இல்லை.

இன்றைக்கு ஆற்காட்டில், பிரவுசிங் சென்டரில்,
திரும்பவும் முதலிலிருந்து.
பிறந்த மாவட்டம் என்ற கட்டத்தில்
வட ஆற்காடு இல்லை. மேலும் கீழும் தேடினான் பையன்.
"ராணிப்பேட்டைன்னு போட்டுடறேண்ணா."
சர்டிபிகேட்டில் அப்படி இல்லையே, ஆதாரம் கேட்டால்?
"அது மாறிடுச்சுண்ணா. எல்லாருக்கும் தெரியும்ல"
என்றான், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

அடுத்த கட்டம் பாலினம்.
கரண்ட் போனது.

"சேவ் பண்ணலையேண்ணா."

பரவாயில்லை என்று
ரெண்டு டீ சொன்னேன்.