தண்ணீர்க் கணக்கில் மூன்று பேர்

வளராது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள்.
டீ கிளாஸ் அளவுதான், ஆயுசுக்கும் அப்படியே என்று.
இருபத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய பையன்
எட்டாம் மாதம் அதை எங்கள் ஆட்டோவில் ஏற்றினான்.
ஹென்னூர் சிக்னலில்
"ரெண்டு நிமிஷம் அண்ணா" என்று இறங்கினான்.
மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.
அவன் கனடாவில் இருக்கிறானாம்.

மரியதாஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த ராத்திரி
நான் கேட்டது ஒன்றுதான்:
திங்கவா, வளர்க்கவா?
அவர் வாயைத் திறப்பதற்குள்
அது என் டிபன் பையைத் திறந்து
எலுமிச்சை சாதத்தில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு
ஊறுகாயை முகர்ந்து தும்மியது.
சுங்கம் என்று பேர் வைத்தோம்.
அன்றிலிருந்து எந்தப் பையும்
அதைத் தாண்டி உள்ளே போனதில்லை.

லிங்கராஜபுரத்தில் இருபதுக்கு முப்பது மனை,
அதில் நாலு குடித்தனம்.
எங்களுடையது தரைத்தளம், பின்பக்கம்.
அரிசி மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்தோம்,
எண்பத்து மூன்று கிலோ.
ஃப்ரிட்ஜ் கதவை மூக்கால் நெம்புகிறது என்று
துப்பட்டாவால் கட்டினேன்.
இரண்டு நாள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தது,
பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.
மூன்றாம் நாள் துப்பட்டா தரையில்,
தக்காளி வயிற்றில்.
பூட்டுப் போட்டோம்.
சாவியை விழுங்கியது.
அடுத்த நாலு நாளை நான் எழுதப் போவதில்லை.
சாவி இன்னும் வேலை செய்கிறது.

"பன்றியோடு சேர்ந்த கன்று..." என்று ஆரம்பிப்பாள்
மாடிவீட்டுக் குணவதி.
மிச்சம் எனக்குத் தெரியும் என்று பாதியில் நிறுத்துவாள்.
அவளுடைய பொமரேனியனுக்குப் படிக்கட்டு முழுக்கக் கழிப்பறை.
சுங்கத்துக்கு ஒரே மூலை, பழைய டயர் பக்கம்,
மழையானாலும் அங்கேதான்.

கார்மெண்ட்ஸில் என் முதல் சூப்பர்வைசர்
காலர் கோணினால் என்னைக் கூப்பிட்ட பேர் அது.
அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில்
எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கும் சேர்த்து
அந்த ஒரே பேர்தான்.
இப்போது வாசலில் யாராவது "ஏ பன்னி" என்று கத்தினால்
நான் திரும்புவதில்லை.
திரும்புவதற்கு ஆள் இருக்கிறது.
காதை நிமிர்த்திக்கொண்டு ஓடும்,
ஏதாவது தருவார்களோ என்று.

மார்ச்சில் போர்வெல் நின்றது.
டேங்கர் தண்ணீர், ஆளுக்கு நாலு குடம்,
வீட்டுக்காரர் புட்டராஜு நோட்டில் எழுதி வைப்பார்.
எங்கள் இருவருக்கு எட்டு.
எட்டையும் ஊற்றி மூடிய நீல டிரம்மை
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
ஒரே முட்டு.

துடைப்பத்தோடு ஓடினேன்.
சிமெண்டில் பரவிய தண்ணீர் நடுவே
தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.
வெள்ளை இமைமயிர். பாதி மூடிய கண்.
பன்றிக்கு வியர்க்காது,
சூடு வெளியே போக வழி கிடையாது என்று
அந்தப் பையன் அவரிடம் சொன்னானாம்,
சிக்னலுக்கு முன்னால்.
துடைப்பத்தைப் போட்டேன்.
வாரம் ஆறு நாள் நின்றுகொண்டே செக்கிங் பார்க்கிற கால்கள்,
வீங்கிப் போனவை.
அதன் பக்கத்தில் உட்கார்ந்து நீட்டினேன்.

அப்படித்தான் புட்டராஜு எங்களைப் பார்த்தார்.
நோட்டை விரித்தார்.
"எஷ்டு ஜன?"
"ரெண்டு" என்றார் மரியதாஸ்.
"மூரு" என்று தானே எழுதிக்கொண்டார்.
நாலு குடம் கூட, அதற்குக் காசும் கூட.
அபராதமா தயவா என்று
நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் கையெழுத்துப் போட்டேன்.
நழுவிய பேனாவை எடுக்க அவர் குனிந்தார்.
சட்டைப் பையில் வேர்க்கடலைப் பொட்டலம்.
சுங்கம் எழுந்து வந்தது.