ஒரு சொட்டுக் கறுப்பு

ஹால் சுவரில் ஒட்டினாற்போல் இரண்டு சதுரங்கள்.
இடது,
நான்கு நாள் நிழலில் காய்ந்த வேப்பிலை.
வலதும் அதுவேதான்,
ஐந்தாம் நாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா,
இதுல கறுப்பு ஒரு சொட்டு கூட"
என்றான் இம்பீரியல் ரோட்டுக் கடையில்
மெஷின் பக்கத்தில் நின்ற பையன்.
கார்டில் ஒன்றுக்கு மூலிகைப் பேர்,
மற்றதற்கு ஏதோ ஏரியின் பேர்.
வீட்டுக்கு வந்ததும் அவை
உங்களது, என்னது என்றாகிவிட்டன.

ஒரு சொட்டு என்றால் சும்மாவா.
பதினாறு வருஷமாய் சிப்காட் லேபில்
பியூரெட்டின் வாயைப் பார்த்தபடி நிற்கிறவள் நான்.
ஒரு சொட்டுக்கு முன் நிறமில்லை,
ஒரு சொட்டுக்குப் பின் இளஞ்சிவப்பு,
இன்னொன்று தவறி விழுந்தால்
எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து.

தணிகாசலத்துக்குக் கண் போதாது என்றும்
சொல்ல முடியாது.
நெய்வேலி ரூட்டில் பஸ் ஓட்டுகிறவர்.
மார்கழிப் பனியில் எதிரே வருவது லாரியா வேனா என்று
விளக்கின் மஞ்சளை வைத்தே சொல்வார்.
அவருக்கு இடது.

காலை ஏழு மணிக்கு இடதுதான் ஜெயிக்கும்.
கிழக்கு ஜன்னல் அவர் கட்சி.
டியூப்லைட் போட்டால் இரண்டும்
ஆஸ்பத்திரித் திரை.
கரண்ட் போன புதன்கிழமை ராத்திரி
மெழுகுவர்த்தியைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு
"இப்பப் பாரு" என்றார்.
பார்த்தேன்.
மெழுகு அவர் விரலில் வழிந்துகொண்டிருந்தது.

பெயிண்டர் சூசைநாதன்
மூன்று நாளாக மாடிப்படியில் போனும் கையுமாக.
கூலி ஓடுகிறது.
பட்டி பார்த்த பிறகும்
முழங்காலுக்குச் சற்று மேலே
பெண்ணையாறு வீட்டுக்குள் வந்துபோன கோடு
மங்கலாய்க் கசிகிறது.
"எந்தப் பச்சைன்னாலும் மூணு கோட்டுங்க,
ரெண்டுக்கு அடங்காது."

அப்புறம் மிக்ஸி ஜாரைத் திருப்பித் தர
பர்வீன் வந்தாள்.
சுவரைப் பார்த்தாள்.
"ஏன் அங்க மட்டும் அடிச்சு விட்டிருக்கீங்க,
பச்சை தீர்ந்துபோச்சா?"

பச்சை.
ஒருமையில்.

பதினோரு நாள்.
அதில் ஒரு ஞாயிறு முழுக்கப் பேசாமல் இருந்தது.
அவர் வைத்த சாம்பாரில் உப்பில்லை என்று
நான் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது.
பர்வீன் காபி குடித்து முடித்து
கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை
சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வலது அடித்தாயிற்று.
விட்டுக்கொடுத்ததாக அவர் சொல்லிக்கொள்கிறார்.
சொல்லட்டும்.

பீரோ வரும் இடம் என்பதால்
இடது சதுரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.
சூசைநாதன் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு
ரோலரை அந்தப் பக்கம் திருப்பினார்.

ஐப்பசி பிறந்ததும் பீரோவை நகர்த்துவோம்,
காலுக்கடியில் செங்கல் வைக்க.
அன்றைக்கு
எது எந்தப் பச்சை என்று அவரைக் கேட்கவேண்டும்.
என்னையும் கேட்பார்.