ஏழாம் கேள்வி

"அழைப்பை எப்போது, எவ்விதம் உணர்ந்தீர்கள்?"
கீழே ஆறு கோடுகள்.
மூன்று வாரமாய் வெறுமையாய்.

எனக்குக் குரல் ஏதும் கேட்டதில்லை.
பனி வாரும் வண்டியின் இரைச்சலில்
கேட்க வழியும் இல்லை.

ட்ரோம்சோவின் ஆயர் அலுவலகத்துக்கு
இதை எழுதலாமா:
சூரியன் எட்டிப்பாராத டிசம்பரில்
வார்டோ தீவின் கடைசி வீட்டு வாசலில்
டார்ச்சோடு நின்று கைகாட்டினார் ஹால்வர்.
பனியைத் தள்ளி அவர் காரை மூடிவிட்டேனோ
என்று இறங்கினேன்.
"ஒத்ருன் போய்விட்டாள்.
போதகர் புயலுக்கு அந்தப் பக்கம்.
நீயாவது உள்ளே வா."

ஜெபம் ஒன்றும் வரவில்லை எனக்கு.
கையுறையைக் கழற்றினேன்.
அவள் நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினேன்.
அவர் காப்பி ஊற்றினார்,
மூன்று கோப்பையில். பழக்கம்.
மூன்றாவது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் நான் வாரிய சாலை
மறுபடி மூடிக்கிடந்தது.
மேற்பார்வையாளர் திட்டினார். நியாயம்தான்.

அது அழைப்பா,
வழியில் போன வண்டிக்கு ஒருவர் காட்டிய கையா?
இன்னொருத்தி ஓட்டியிருந்தால்
அவளும் இறங்கியிருப்பாள்.

ஆனாலும்
அந்த வளைவு வரும்போதெல்லாம்
என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.

பேனாவை மூடுகிறேன்.
திறக்கிறேன்.