பன்னிரண்டாவது நிமிடம்

ஹென்னூர் சிக்னலில் சிவப்பு விழுந்தால்
எங்கள் ஜீப்பும் விழுந்துவிடும்.
கிளம்பிச் சரியாகப் பதினொரு நிமிடம்.
முதலில் ஒரு செருமல், அப்புறம் கரும்புகை,
அப்புறம் பின்னாலிருந்து கன்னடத்திலும் தெலுங்கிலும்
என் பிறப்பு குறித்த சந்தேகங்கள்.

அறுபத்தெட்டில் வந்த வண்டி.
சக்லேஷ்பூர்ப் பக்கம் காப்பித் தோட்டமொன்றில்
மூட்டையும் ஆளும் நாயும் ஏற்றி மேடேறியது.
சேறு பொருட்டில்லை, பாறை பொருட்டில்லை.
நிற்கச் சொன்னால்தான் செத்துப்போகும்.

நவோமி பக்கத்து இருக்கையில்,
பையனின் பழைய கணக்கு நோட்டோடு.
தேதி, வெயில், சோக் இழுத்ததா, எங்கே நின்றது.
வங்கியில் தணிக்கை செய்கிறவள்.
என் ஊகத்தை ஊகம் என்றே எழுதுவாள்.

ஊகம் ஒன்று: ப்ளக்.
கழற்றினால் நாலும் அடுப்புக்கரி.
புதிது போட்டேன். ஒரே வாரத்தில் அவையும் கரி.
ஊகம் இரண்டு: கண்டென்சர்.
ஊகம் மூன்று: லிங்கராஜபுரம் பங்க்காரன்.
நாலாவது ஜே.சி. ரோட்டில் கிடைத்தது.
"இது மங்களூர்க்காரங்க மாத்தின ஜெட் சார்,"
என்றார் உதிரிபாகக் கடை குருமூர்த்தி.
"கடல் மட்டத்துக்கு அது சரி.
இங்க மூவாயிரம் அடி, காத்து மெலிசு."
நம்பினேன். நம்ப அழகாக இருந்தது.
தூத்துக்குடியிலிருந்து வந்த நானும்
முதல் வருஷம் இங்கே மாடிப்படியில்
மூச்சு வாங்கியவன்தானே.
சின்ன ஜெட் போட்டேன்.
நவோமி எழுதினாள்: பதினொன்று.

ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டெக்னீஷியன்.
ஆக்சிஜன் இவ்வளவு, ஆவி இவ்வளவு என்று
முள்ளைப் பார்த்தே இருபது வருஷம்.
படுத்திருப்பவர் யாரென்று பல நாள் தெரியாது,
கலவை தெரியும்.
இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை,
ஜீப் நின்ற நாட்களில் நவோமி சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தளப் பார்க்கிங்.
கார்ப்பரேட்டரை இறக்கிச் செய்தித்தாளில் பரப்பினேன்.
குடியிருப்புச் செயலாளர் சுபாஷிணியின் வாட்ஸ்அப்:
பேஸ்மென்டில் பெட்ரோல் வாசனை, யாராக இருந்தாலும்.
யாராக இருந்தாலும் என்றால் நான்.

ஊசி வால்வு சரி.
ஜெட்டின் வழியே ட்யூப்லைட் தெரிந்தது.
கேஸ்கெட் கிழியவில்லை.
பித்தளை மிதவையைத் துடைத்து ஓரமாய் வைக்கப்போனேன்,
கை நின்றது.
கனம்.
காதருகே ஆட்டினேன்.
உள்ளே சளக்.

மிதக்க வேண்டியது குடித்திருக்கிறது.
அது முங்க, ஊசி மூடாமல்
பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும்.
ஓடுகிற எஞ்சின் அதையும் எரித்துவிடும்,
நிற்கிற எஞ்சினுக்குத் தொண்டைவரை ஏறும்.
இத்தனை நாள் காற்றைக் குறை சொன்னேன்.

பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும்
அடுப்பை அணைத்து, பால்கனிக்குக் கொண்டுபோய்
மிதவையைக் கரண்டியால் அழுத்திப் பிடித்தேன்.
"அந்தப் பாத்திரம் இனி உனக்கு," என்றாள்.
ஒரு குமிழ்,
பற்றுவைத்த விளிம்பிலிருந்து.
காத்திருந்தோம்.
இன்னொன்று, அதே இடம்.
மயிர்நுனி அளவுகூட இல்லை ஓட்டை.
நோட்டில் அவள் அதற்குப் போட்ட வட்டம்
ஒரு ரூபாய்க் காசளவு இருந்தது.

உள்ளே இருந்ததை வடித்து, இரண்டு நாள் உலரவிட்டு
ஒரு துளி ஈயம்.
ஈயம் கூடினால் எடை கூடும்,
எடை கூடினால் மட்டம் மாறும்.
அரத்தால் உரசி உரசி
தெருமுனை நகைக்கடைத் தராசுக்கு எடுத்துப்போனேன்.
கடைக்காரர் மூன்று தரம் கேட்டார்:
"பித்தளைதானே?"

புதன் மாலை. ஹென்னூர். சிவப்பு.
கியரை எடுத்துவிட்டுக்
கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
பத்து.
பதினொன்று.
பானட்டின் தகரம் மெல்ல நடுங்கியபடியே இருந்தது.
நவோமி பேனாவைத் திறந்து
எழுதாமல் வைத்திருந்தாள்.
பச்சை விழுந்ததை
இரண்டு பேருமே பார்க்கவில்லை.
பின்னால் தொடங்கிவிட்டார்கள்,
கன்னடத்தில், தெலுங்கில்,
இன்று புதிதாக ஒருவர் தமிழிலும்.