வரி இருநூற்றுப் பன்னிரண்டு

ஹார்லிங்கன் துறையில் மூன்றாம் நாளாக மழை.
ஹில்கேயின் தட்டையடிப் படகில், அடுப்போரம்,
என் மடியில் அவனுடைய கணினி.
அதன் இயங்குதளத்தின் பெயரைச் சொன்னால்
கடைக்காரர்கள் கேட்பார்கள்: அது இன்னும் இருக்கிறதா?
இருக்கிறது. பதினோரு நொடியில் விழித்துக்கொள்கிறது.

ஓதம் கணிக்கும் நிரல்.
தௌவே என்று ஒருவர் தொண்ணூற்றொன்பதில் எழுதியது.
எப்போது நீர் ஏறும்,
டெர்ஸ்கெலிங் போகும் வழியில் எப்போது
மணல்திட்டு முதுகு காட்டும்,
அவ்வளவுதான் சொல்லும்.
அதை வளர்த்த கம்பைலர் இரண்டாம் பதிப்பு.
இப்போது வந்திருப்பது பதிமூன்று.
முதல் ஓட்டத்தில் நானூற்றுப் பதினேழு பிழைகள்.

பழையவள் தாராளக்காரி.
தோன்றா எழுவாயைத் தானே ஊகித்துக்கொண்டாள்.
தலைப்பில் சேர்க்க மறந்த கோப்பை
அக்கம்பக்கத்தில் கடன் வாங்கினாள்.
சுழல் முடிந்த பின்னும் சுழலுக்குள் பிறந்த மாறி
வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தால்
விரட்டவில்லை.
புதியவள் கேட்கிறாள்: யார் இது?
இந்த எல்லைக்குள் இந்தப் பெயரில் யாரும் இல்லை.

அறிவித்தேன், ஒவ்வொன்றாக.
செவ்வாய் இரவு பிழைகள் அறுபது.
புதன் மாலை, ஹில்கே நாக்குமீன் பொரிக்கையில்,
பூச்சியம்.
எச்சரிக்கைகூட இல்லை.
சத்தம் பொறுக்காமல் நான்தான் அவற்றை
அணைத்து வைத்திருந்தேன்.

ஓடவிட்டேன்.
வியாழக்கிழமைக்கு வற்றமே இல்லை.
திரையில் நீர் ஏறிக்கொண்டே போனது,
கடலணைக்கு மேலே, தேவாலயக் கோபுரத்துக்கு மேலே,
நாற்பதாயிரம் மீட்டர்.
"வானத்திலதான் நங்கூரம் போடணும், சீட்ஸ்கே,"
என்றான், கரண்டியும் கையுமாக.

வரி இருநூற்றுப் பன்னிரண்டு.
நிலவின் கோணம் காணும் செயற்கூறு.
கூட்டி, பெருக்கி, திருத்தி,
பிறகு?
முற்று இல்லை. எச்சமாகவே நின்றுவிட்ட வாக்கியம்.
விடையைக் கண்டுபிடித்துவிட்டு
யாருக்கும் தராமல் கதவைச் சாத்திக்கொள்கிறது.
கடைசியாகக் கணித்த எண்
பதிவகத்தின் மேலேயே மிச்சம் கிடந்திருக்கிறது.
பழையவள் அதை எடுத்து நீட்டியிருக்கிறாள்,
இருபத்துநான்கு ஆண்டுகள், ஒருமுறையும் தவறாமல்.

பக்கத்தில் டச்சில் தௌவேயின் குறிப்பு:
தொடாதே, வேலை செய்கிறது.

பொய்யில்லை. அதுதான் வயிற்றைப் பிசைந்தது.
எத்தனை படகுகள் அந்த மிச்சத்தை நம்பித்
திட்டைக் கடந்தனவோ.

ஒரு ரிட்டர்ன். ஒரு மாறி. ஓர் அரைப்புள்ளி.
வற்றம் நான்கு பதினெட்டுக்குத் திரும்பி வந்தது.
தௌவேயின் குறிப்பை அழிக்கப் போன விரலை
எடுத்துக்கொண்டேன்.
எச்சரிக்கைகளை மறுபடி திறந்தேன்:
தொண்ணூற்றாறு.

ஹில்கேயின் கேள்வி ஒன்றே ஒன்று.
"எழுத்து அதே சைஸா?"
ஆமாம்.
"கொஞ்சம் பெரிசாக்கக் கூடாதா?"

மறுநாள் துறைச்சுவரின் பாசிக்கோட்டையே
பார்த்துக்கொண்டு நின்றோம்.
நீர் இறங்கி ஓய்ந்தபோது மணி நான்கு இருபத்தொன்று.
மூன்று நிமிடம் தள்ளி.
"காத்தா இருக்கும்," என்றான்.
நான் கணினியைத் திறந்தேன்.